இடுப்பில் மறைத்து வைக்கும் துப்பாக்கி: உட்கார்ந்தால் குத்துகிறது, நடந்தால் இறங்குகிறது, என்ன செய்யலாம்?

புதியவன்19:
வணக்கம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. பயிற்சி வகுப்பில் சுடுவதற்கும் சட்டத்துக்கும் நிறைய நேரம் கொடுத்தார்கள், ஆனால் நாள் முழுக்க அதை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்று பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. என்னிடம் இருப்பது க்ளாக் 19 கைத்துப்பாக்கி. பேன்டுக்குள் செருகும் துணி உறை ஒன்று வாங்கினேன், பெல்ட் தினமும் போடுகிற பழைய பெல்ட்தான். வலது இடுப்பில் வைத்தால் குனியும்போது சட்டையைத் தள்ளிக்கொண்டு பிடி துருத்துகிறது, உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது, மத்தியானத்துக்குள் எல்லாம் கீழே இறங்கிவிடுகிறது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம், தொப்புளுக்கு வலப்பக்கமாக வைப்பதுதான் வசதி என்கிறார்கள், ஆனால் உட்காரும்போது குழல் தொடையைப் பார்க்கிறதே என்று மனசு ஒப்பவில்லை. சில நாள் உறையே இல்லாமல் செருகிக்கொள்ளலாமா, இல்லை பையில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது. வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வலதுகை:
தம்பி, உறை இல்லாமல் செருகுகிற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ப்ளாக்ஸிகோ பர்ரஸ் நியூயார்க்கில் ஒரு கேளிக்கை விடுதியில் இப்படித்தான் இடுப்பில் சும்மா செருகி வைத்திருந்தார். துப்பாக்கி நழுவி காலுக்குள் இறங்க, பிடிக்கப் போன கை ட்ரிகரில் பட்டு அவர் தொடையிலேயே குண்டு பாய்ந்தது. அப்புறம் சிறைக்கும் போனார். உங்கள் க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. ட்ரிகரின் நடுவில் இருக்கிற சின்ன நாக்குதான் வெளியில் இருக்கிற ஒரே பூட்டு. அந்த நாக்கையும் ட்ரிகரையும் சேர்த்து அழுத்துவது உங்கள் விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

அந்தத் துணி உறையையும் மாற்றுங்கள். ஒரு சோதனை சொல்கிறேன். தோட்டா எல்லாவற்றையும் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலிதானா என்று இரண்டு முறை கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டு வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் அந்த உறை வேண்டாம். அடுத்து, துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். வாய் மூடிக்கொண்டால் குழலாலேயே துழாவித் திறக்க வேண்டியிருக்கும், அப்போது அது உங்கள் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடம் ஒரு தோல் உறை வைத்திருந்தேன், கை வாகுக்குப் பழகி வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒருநாள் துப்பாக்கியை உள்ளே இறக்கும்போது பாதியில் தட்டியது. குனிந்து பார்த்தால் வாயோரம் நைந்து உள்பக்கமாக மடிந்து, அந்த மடிப்பு நேராக ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்திருந்தது. இன்னும் அரை அங்குலம் அழுத்தியிருந்தால் என் இடுப்பெலும்பு போயிருக்கும். தோலே கூடாது என்று சொல்லவில்லை, நல்ல தடித்த தோலில் வாயைச் சுற்றி வலுவாகத் தைத்தது இருக்கிறது. ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறையைத்தான் சொல்வேன்.

அப்புறம் பெல்ட். 15 தோட்டா நிரப்பிய க்ளாக் 19 ஏறத்தாழ 850 கிராம். சாதாரண பெல்ட் அந்தப் பாரத்தில் முறுக்கிக்கொள்ளும், பிடி வெளியே சாயும், எல்லாம் இறங்கும். ஒன்றரை அங்குல அகலத்தில் உள்ளே விறைப்பான பட்டை வைத்த பெல்ட் வாங்குங்கள். நீங்கள் சொன்ன தொல்லையில் பாதி அதோடு போய்விடும்.

நிலாஅம்மா:
பையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பெண்களுக்கு எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய் கடைக்குப் போயிருந்தார். துப்பாக்கி வைக்க என்றே தனி அறை தைத்த கைப்பை அது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அதற்குள் கையை விட்டான், தாய் அங்கேயே இறந்துபோனார். என் மகன் அப்போது கிட்டத்தட்ட அதே வயது. அன்றிலிருந்து என் துப்பாக்கி உடம்பை விட்டு இறங்கினால் நேராகப் பூட்டுப்பெட்டிக்குத்தான் போகும், நடுவில் மேஜையோ அலமாரியோ கிடையாது. பை தோளில் இருந்து இறங்கும், நாற்காலியில் தொங்கும், பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். நான்கு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் தயவுசெய்து வேண்டாம் சகோ.

பெல்ட் போட முடியாத உடுப்பு என்றால் நான் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை போடுகிறேன். ஆனால் அதிலும் ட்ரிகரை மூடும் கெட்டியான ஓடு உள்ளே இருப்பதாகப் பார்த்துத்தான் வாங்கினேன், வெறும் துணிப் பட்டை சரிவராது.

கழிப்பறையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி மேலே வைத்துவிட்டு மறந்து போனவர்கள் நிறையப் பேர். உறையோடு அப்படியே பேன்டிலேயே இருக்கட்டும், முழங்காலுக்குக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்து அறையில் இருப்பவர் கண்ணிலும் படாது.

புதியவன்19:
இருவருக்கும் நன்றி. ட்ரிகர் சோதனை செய்தேன், துணிக்கு மேலேயே டிக் என்று சத்தம் கேட்டது. வயிற்றைக் கலக்கிவிட்டது. கைடெக்ஸும் பெல்ட்டும் வந்துவிட்டன. இப்போது இறங்கவில்லை, ஆனால் பிடி இன்னும் தெரிகிறது. முன்பக்கம் மாற்றலாமா?

மெதுவாக:
மறைக்கக் கஷ்டமாக இருப்பது பிடிதான், குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பேன்டுக்குள் போய்விடும். அதனால் முதலில் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, உறையை 15 டிகிரி அளவு முன்னோக்கிச் சாய்த்துப் பாருங்கள். பிடி உடம்பின் வளைவோடு படிந்துவிடும். சட்டை ஒரு அளவு பெரியதாக, கட்டமோ பூவோ போட்டதாக இருந்தால் மேடு கண்ணுக்குத் தெரியாது. நடு முதுகில் மட்டும் வைக்காதீர்கள், வழுக்கி விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும்.

முன்பக்கம் வைப்பதில் உங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும் நான் அங்கேதான் வைக்கிறேன், காரணம் கண் முன்னாலேயே இருக்கிறது, யாரும் பின்னாலிருந்து தொட முடியாது, எடுப்பதும் சுலபம். வாங்கினால் உறையின் பக்கத்தில் பெல்ட்டை முட்டி பிடியை உள்ளே தள்ளும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். குழல் முனைப் பக்கம் ஒரு ஸ்பாஞ்சு ஆப்பு ஒட்டினால் அது அடிவயிற்றைத் தள்ளி, மேலே பிடியை உடம்போடு சாய்க்கும், குத்துவதும் குறையும். உறையின் உயரத்தை அரை அங்குலம் ஏற்றி இறக்கினாலே உட்காரும்போது பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆபத்து பெரும்பாலும் துப்பாக்கியைத் திரும்ப உறையில் வைக்கும்போதுதான் வருகிறது. அதற்கு அவசரமே கிடையாது. விரல் ட்ரிகரைத் தொடாமல் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி இருக்கட்டும், இடது கையால் சட்டையை நெஞ்சு வரை தூக்குங்கள், இடுப்பை முன்னே தள்ளி மேலுடம்பைப் பின்னால் சாயுங்கள், குனிந்து உறையின் வாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தட்டினால் நிறுத்திவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். காலையில் போடும்போது நான் இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறேன்: துப்பாக்கியை முதலில் உறையில் வைத்து, பிறகு உறையோடு சேர்த்து இடுப்பில் செருகுகிறேன். இரவிலும் அப்படியே உறையோடு கழற்றிப் பெட்டிக்குள்.

வெளியே போவதற்கு முன் இரண்டு வாரம் வீட்டில் காலித் துப்பாக்கியோடு இருங்கள். குழந்தையைத் தூக்குங்கள், செருப்பு மாட்டக் குனியுங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போடுங்கள். எங்கே கை தானாகப் போய்ச் சரிசெய்கிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

வலதுகை:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு தம்பி. ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தில் இழுகயிறு இருந்தால், அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் மணி இருக்கும் பாருங்கள், அது ட்ரிகர் வளையத்துக்குள் அளவெடுத்தது மாதிரி போகும். என் ஜாக்கெட் எல்லாவற்றிலும் அந்தக் கயிற்றை உருவி எடுத்துவிட்டேன். நீங்களும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.