தவுக்கியான் தூணில் பார்த்த பெயர்

இரங்கூனிலிருந்து:

வீரப்பதக்கம் வாங்கிய சிப்பாயை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆளைப் பார்க்கவில்லை, கல்லில் வெட்டிய பெயரைத்தான் பார்த்தேன். ஆனால் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

போன மார்கழியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு தவுக்கியானில் இருக்கிற இரண்டாம் உலகப் போர்க் கல்லறைக்குப் போனேன். ஊரிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர். அத்தையின் பெரியப்பா பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்து இறந்தவர். தாத்தாவோ நேதாஜி படையில். அண்ணனும் தம்பியும் எதிரெதிர்ப் பக்கம். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

சமாதி கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைப் படைவாரியாகத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். நடு வட்டத்தில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்துகளில் வாசகம் இருக்கிறது. தமிழில் இல்லை. எனக்கு அது வலித்தது.

பலூச் படைத் தூணருகே ஒரு பெரியவர், வெற்றிலை வாயோடு, பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாயக் (சிறு படைப்பிரிவின் தலைவர்) ஃபசல் தீன். 10ஆம் பலூச் ரெஜிமெண்டின் 7ஆம் பட்டாலியன். 1945 மார்ச் 2, நடு பர்மாவில் மெய்த்திலா ஊர் அருகே. இவருடைய ஆட்கள் பதுங்குகுழிச் சூட்டில் மாட்டிக்கொண்டார்கள். முதல் குழியைக் கைக்குண்டு வீசி அடக்கினார். உடனே வாளேந்திய இரண்டு அதிகாரிகள் முன்னால் வர, ஜப்பானியர் ஆறு பேர் பாய்ந்தார்கள். இவருடைய ஆட்களில் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒரு அதிகாரியைச் சுட்டார். தோட்டா தீர்ந்ததும் இன்னொரு அதிகாரி அவரை வெட்டிவிட்டான். காப்பாற்ற ஓடிய ஃபசல் தீனின் நெஞ்சில் குத்திய வாள் முதுகில் வெளியே வந்தது. அவன் உருவும்போதே இவர் அதைப் பிடுங்கி, அதே வாளால் அவனைக் கொன்றார். மற்ற ஜப்பானியர்கள்மீதும் பாய்ந்தார். வாளை ஆட்டித் தன் ஆட்களை முன்னேறச் சொன்னார். பிறகு தள்ளாடியபடி நடந்து, நடந்ததைச் சொல்லப் பிளட்டூன் தலைமையிடம் வந்து விழுந்தார். சிகிச்சைக்குக் கொண்டுபோனதும் உயிர் போயிற்று. பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் இறந்தபிறகு வந்தது.

அத்தை பெரியவரைக் கேட்டார்: "பாய், குத்துப்பட்ட பிள்ளை எதுக்கு நடந்து வரணும்? படுத்திருக்கக் கூடாதா?"

"மத்தவங்களுக்கு நிலவரம் தெரியணும்ல, அக்கா."

அத்தை முந்தானையால் ஃபசல் தீன் பெயரின் எழுத்துகளில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். பெரியப்பா பெயருக்குச் செய்தது போலவே.

மெய்த்திலாவிலிருந்து:

படிக்கும்போதே தொண்டை அடைத்தது. எங்கள் ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கே இந்தப் பெயர் இப்போதுதான் தெரிகிறது. அதே 1945 மார்ச் 2இல், மியிஞ்ஞான் போகும் சாலையில் 15ஆம் பஞ்சாப் ரெஜிமெண்ட் நாயக் கியான் சிங், கையில் காயத்தோடு தனியாகவே பதுங்குகுழிகள் மேல் பாய்ந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். அவர் உயிரோடு ஊர் திரும்பினார். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் எங்களுக்கும் சொல்லியிருப்பார். பெரியப்பா பெயர் எளிதில் கிடைத்ததா?

இரங்கூனிலிருந்து:

ஒன்றரை மணி நேரம் தேடினோம், தம்பி. வருகிற மார்ச் 2 அன்று அத்தை மறுபடி போகவேண்டும் என்கிறார். பகோ பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தவுக்கியான் முனையில் இறங்குங்கள், சேர்ந்தே போகலாம். பூ நாங்கள் கொண்டுவருகிறோம்.