கொலஸ்ட்ரால் மாத்திரை உட்கொள்ளும்போது உணவுக் கட்டுப்பாடு எந்த அளவுக்குத் தேவை?

நங்கநல்லூர்வாசி:
எனக்கு வயது 56. கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 168 இருந்ததால், சென்ற ஆகஸ்டில் மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையைத் தொடங்கினார். நவம்பர் பரிசோதனையில் அது 102 ஆகக் குறைந்தது. அந்தத் துணிவில், மார்கழி முழுவதும் கோயில் வெண்பொங்கலையும் சபா கேண்டீன் நெய் ரோஸ்டையும் நான் விட்டுவைக்கவில்லை. மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதபோதும், தை பிறந்தபின் எடுத்த பரிசோதனையில் 118 என்று வந்திருக்கிறது. மருந்து பலனளிக்காமல் போகிறதா, அதன் அளவைக் கூட்டும்படி கேட்க வேண்டுமா?

மாம்பலம் மருந்தாளுநர்:
ஐயா, மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இம்மாத்திரை கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதால், தட்டுப்பாட்டை உணரும் கல்லீரல் தன் செல்களின் மேல் கொழுப்பைப் பிடித்து உள்ளே விடும் ஏற்பிகளை அதிகமாக்கி, இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்போ அதே ஏற்பிகளின் செயல்பாட்டை மந்தமாக்குகிறது. மாத்திரை திறந்துவைக்கும் கதவை நெய் ரோஸ்ட் ஒருக்களித்துச் சாத்துகிறது. மேலும், உங்கள் மாத்திரை சேர்ந்த ஸ்டாட்டின் வகை மருந்துகளின் அளவை இருமடங்காக்கினாலும் கெட்ட கொழுப்பு ஏறத்தாழ 6 சதவீதமே கூடுதலாகக் குறையும். அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். ஆனால் மார்கழிக் கணக்கை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

அடையாறு வாசகி:
நான்கு ஆண்டுகளாக அதே வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் உட்கொள்பவள் என்ற முறையில், நெய்யை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் நெய் அபூர்வம். என்னைக் கெடுத்தவை மாலை நேரத்து பஃப்ஸும் பிஸ்கட்டும்தான். 2022 முதல் சமையல் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்துவிட்டாலும், பேக்கரிப் பண்டங்களில் பாமாயிலின் நிறைவுற்ற கொழுப்பு இருக்கவே செய்கிறது. அவற்றைக் குறைத்ததுடன், ஓட்ஸ், பார்லி, பருப்பு வகைகள், வெண்டைக்காய் ஆகியவற்றைக் கூட்டினேன். இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிய பித்தம் சுரக்கக் கல்லீரல் இரத்தத்துக் கொலஸ்ட்ராலைச் செலவிட நேர்கிறது. இசப்கோலும் அப்படியே, ஆனால் அதை மாத்திரையுடன் சேர்த்து விழுங்காமல் இடைவெளி விடுவது நல்லது. சோற்றையும் இனிப்பையும் அளவின்றி உண்டால் ஏறுவது பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு வகை இரத்தக் கொழுப்பு. அறிக்கையில் அந்த வரியையும் பாருங்கள்.

குரோம்பேட்டை நண்பர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். கிரேப்ஃப்ரூட் சாற்றை அதிகம் அருந்தினால், அட்டோர்வாஸ்டாட்டின் உடலில் சிதைவது தடைப்பட்டு, இரத்தத்தில் மருந்தின் அளவு உயரும்; தசைவலி போன்ற பக்கவிளைவுகளுக்கு அது வழிவகுக்கலாம். நம் பம்பளிமாஸும் அதே இனத்தைச் சேர்ந்தது என்பதால், அடிக்கடி உண்பவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நங்கநல்லூர்வாசி:
மூவருக்கும் நன்றி. அளவைக் கூட்டக் கேட்பதற்கு முன், இரண்டு மாதம் உணவைச் சீராக்கி மறுபரிசோதனை செய்துகொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கப்போகிறேன். இதையெல்லாம் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பொங்கலில் இனி நெய் ஒரு தேக்கரண்டிதான் என்று அறிவித்துவிட்டார். முந்திரிக்கு இங்கே யாரும் தடை சொல்லவில்லை என்பதை மட்டும் அவருக்கு இருமுறை வாசித்தேன்.