பழைய ரிசீவரில் 5.1 எடுக்கலாமா, எடைக்குப் போடலாமா?

பவானிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். 2004இல் அப்பா வாங்கிய 5.1 ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப் பெட்டி) ஒன்று வீட்டில் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். எச்டிஎம்ஐ கிடையாது. பின்பக்கம் இரண்டு ஆப்டிகல் இன்புட், ஒரு கோஆக்சியல், அப்புறம் ஆறு ஓட்டை உள்ள அனலாக் இன்புட் இருக்கிறது. டிவிடி காலத்தில் படம் போட்டால் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று எழுத்து எரியும், மழைக் காட்சி வந்தால் சோபாவுக்குப் பின்னால் மழை பெய்யும். அப்பா இப்போது இல்லை.

போன மாதம் 4கே டிவி வாங்கினோம். ஆப்டிகல் கேபிள் போட்டேன். சத்தம் வருகிறது, ஆனால் முகப்பில் ‘பிசிஎம்’ என்று மட்டும் காட்டுகிறது. பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமை. ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ‘புரோ லாஜிக் 2’ போட்டால் பின்னால் ஏதோ கொஞ்சம் கேட்கிறது, பழைய மாதிரி இல்லை. டிவி விற்ற கடைக்காரர், “இதெல்லாம் இனி வேலைக்கு ஆகாது, எடைக்குப் போட்டுவிட்டு 28,000 ரூபாய் சவுண்ட்பாரை எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அம்மாவுக்கு அதைத் தூக்கிப் போட மனமில்லை. உண்மையிலேயே இதில் இனி 5.1 வராதா?

ஒரேவயர்:
தம்பி, கடைக்காரர் விற்பதற்காகச் சொன்னாலும் சொன்னது சரிதான். ஓடிடி ஆப்கள் இன்று அனுப்புவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். ஆப்டிகல் கேபிளில் அது போகாது. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸ் 2014இல் வீட்டுக்கு வந்தது. உங்கள் ரிசீவர் அதற்குப் பத்து வருடம் மூத்தது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது.

நான் இதே வேலையை இரண்டு வருடம் பார்த்தவன். ஆப்டிகல், அப்புறம் ஒரு கன்வெர்ட்டர், அதற்கு ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயின்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் விற்றுவிட்டு ஈஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாகவே வெளியே அனுப்பும் வசதி) உள்ள சவுண்ட்பார் வாங்கினேன். ஒரே வயர், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும். நிம்மதி.

கோவைசெவி:
ஒரேவயர் சொன்னதில் பாதி சரி, முடிவு தவறு.

பவானிக்கரை, ரிசீவர் முகப்பில் ‘பிசிஎம்’ என்று காட்டுகிறதே, அதிலேயே பதில் இருக்கிறது. பிசிஎம் என்றால் சுருக்காத ஒலி. உள்ளே வந்து சேர்வதே இரண்டு சேனல்தான். இல்லாத பின் சேனலை அது எங்கிருந்து எடுக்கும்? டிவி கொடுக்காததற்கு ரிசீவரைக் குற்றம் சொல்கிறோம்.

ஆப்டிகல் பாதையில் சுருக்காத ஒலி என்றால் இரண்டு சேனல்தான் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஆறு சேனலையும் சுருக்காமல் அனுப்ப விநாடிக்கு 4.6 மெகாபிட் வேண்டும். அந்தப் பாதை இரண்டு சேனலை மனதில் வைத்துப் போட்டது. ஆனால் டால்பி டிஜிட்டல், அதற்குப் போட்டியான டிடிஎஸ் இரண்டும் 5.1ஐச் சுருக்கிக் கட்டிய பொட்டலங்கள். அவை அதே பாதையில் தாராளமாகப் போகும். டிவிடியில் நீங்கள் கேட்ட மழை அதிகபட்சம் 448 கிலோபிட்டில் வந்த மழை. ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 640 வரை போகும். அதாவது அப்பா கேட்டதைவிடக் குறைந்த தரம் உங்களுக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலில் போகாது, உண்மை. ஆனால் பல டிவிகள் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் அனுப்பும். அட்மாஸின் உயரத் தகவல் உதிர்ந்துவிடும், 5.1 அப்படியே நிற்கும். உங்களிடம் கூரையில் ஸ்பீக்கர் இல்லை. உதிர்வது உங்களுக்குத் தேவைப்படாதது.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், பழைய டிவிடி பிளேயரை கோஆக்சியலில் நேரடியாக ரிசீவருக்குக் கொடுத்து ஒரு படம் போடுங்கள். டால்பி எழுத்து எரிந்தால் ரிசீவர் நலம். பிறகு டிவி செட்டிங்கில் ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ என்ற இடத்தில் ‘பிசிஎம்’ இருந்தால் ‘ஆட்டோ’ அல்லது ‘டால்பி டிஜிட்டல்’ என்று மாற்றுங்கள். சில டிவியில் ‘பாஸ்த்ரூ’ என்றும் இருக்கும். மாற்றிய பிறகு டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் 5.1 என்று போட்டிருக்கும் படத்தை ஓட்டுங்கள். யூடியூபை வைத்துச் சோதிக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் ஸ்டீரியோதான்.

பவானிக்கரை:
நேற்று ராத்திரி பரணில் ஏறி டிவிடி பிளேயரை இறக்கினேன். டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் ரிசீவர் உள்ளே ‘டிக்’ என்று ரிலே தட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடம்! முகப்பில் டால்பி எழுத்து, பக்கத்திலேயே ஐந்து சிறிய கட்டங்கள், சப்வூஃபருக்கான ‘எல்எஃப்இ’ என்று ஒன்று, எல்லாம் எரிந்தன. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இடது பின் ஸ்பீக்கர் மட்டும் அப்போதும் பேசவில்லை. பின்னால் பார்த்தால் அழுத்திச் செருகும் கிளிப்பில் வயர் கருத்துப்போய்க் கிடந்தது. நுனியை ஒரு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கிச் செருகினேன். வந்துவிட்டது.

டிவியிலும் நீங்கள் சொன்ன இடத்தில் ‘பிசிஎம்’தான் இருந்தது. ‘ஆட்டோ’ என்று மாற்றினேன். டிவிக்குள் இருக்கும் ஆப்பில் படம் போட்டதும் டால்பி எரிந்தது! கோவைசெவி அண்ணா, ரொம்ப நன்றி. ஆனால் அம்மா பார்ப்பது முழுக்க செட்டாப் பாக்ஸ். அது எச்டிஎம்ஐயில் டிவிக்குப் போகிறது. அதை ஓட்டினால் திரும்பவும் பிசிஎம்தான்.

ஒரேவயர்:
இதைத்தான் சொன்னேன். ஒன்று சரியானால் அடுத்தது இடறும். டிவி ஆப்புக்கு ஒரு நியாயம், பாக்ஸுக்கு ஒரு நியாயம். நாளைக்கு பென் டிரைவில் டிடிஎஸ் ஒலி உள்ள படம் போடுவீர்கள், அதுவும் வராது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்தே டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜி 2020இல் எடுத்து 2023இல்தான் மறுபடி சேர்த்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அம்மா தனியாக இருக்கும்போது டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட், ரிசீவருக்கு ஒரு ரிமோட். ரிசீவரில் எந்த இன்புட் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எச்டிஎம்ஐ இருந்தால் டிவியை அணைத்ததும் எல்லாம் சேர்ந்து அணையும். ஆப்டிகலில் அது கிடையாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

கோவைசெவி:
ரிமோட் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அது உண்மையான குறை.

பாக்ஸ் பிசிஎம் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. எச்டிஎம்ஐ செருகியதும் டிவி தன்னால் எதையெல்லாம் வாங்க முடியும் என்று ஒரு பட்டியலைப் பாக்ஸுக்குக் கொடுக்கும், ஈடிஐடி என்று பெயர். பல டிவிகள், தங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்தான் என்பதால், ஸ்டீரியோ போதும் என்று சொல்லிவிடும். பாக்ஸும் ஸ்டீரியோவே கொடுக்கும். பின்னால் ஆப்டிகலில் ஒரு 5.1 ரிசீவர் காத்திருப்பது பாக்ஸுக்குத் தெரியாது.

வழி எளிது. பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல எச்டி பாக்ஸ்களில் தனியாக ஆப்டிகலோ கோஆக்சியலோ இருக்கும். அதை நேராக ரிசீவரின் இரண்டாவது இன்புட்டுக்குக் கொடுங்கள். படம் மட்டும் டிவிக்குப் போகட்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால்தான் எச்டிஎம்ஐ எக்ஸ்ட்ராக்டர், அதாவது எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியைத் தனியாகப் பிரித்தெடுக்கும் சிறு பெட்டி தேவை. அதில் சிறிய சுவிட்ச் இருக்கும்: ‘டிவி’, ‘2 சேனல்’, ‘5.1’. 5.1இல் வைத்தால் அந்தப் பட்டியலை டிவிக்குப் பதில் அதுவே கொடுக்கும்.

மதுரைசால்டரிங்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருபது வருடமாக ஆம்ப் அசெம்பிள் செய்கிறேன். எதற்கு இவ்வளவு சுற்று? ரிசீவரில்தான் ஆறு ஓட்டை அனலாக் இன்புட் இருக்கிறதே. சென்னை ரிச்சி தெருவில் எச்டிஎம்ஐ, ஆர்க், யுஎஸ்பி எல்லாம் உள்ள 5.1 டீகோடர் போர்டு (சுருக்கிய ஒலியை ஆறு சேனலாகப் பிரிப்பது) கிடைக்கிறது. ஆறு ஆர்சிஏ வயர் போடுங்கள், முடிந்தது. ரிசீவர் வெறும் பவர் ஆம்ப் ஆகிவிடும், டீகோடர் பழசானால் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் அசெம்பிள் செட் எல்லாம் இப்படித்தான் காலத்தோடு வருகிறது. பென் டிரைவில் டிடிஎஸ்ஸும் பாடும்.

கோவைசெவி:
அண்ணா, உங்கள் கைவேலைக்கு மரியாதை உண்டு. ஆனால் இவருக்கு இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்து ரிசீவர்களில் ஆறு ஓட்டை வழியாக வருவது பெரும்பாலும் நேராக வால்யூமுக்குப் போய்விடும். ‘ஸ்பீக்கர் ஸ்மால்’ என்று வைத்து பேஸைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடும் வேலை, ஸ்பீக்கர் தூரத்துக்கு ஏற்ற தாமதம், இரண்டும் அந்த வழியில் நடக்காது. இவருடைய பின் ஸ்பீக்கர்கள் சின்னவை என்றால் பேஸ் முழுவதும் அவற்றின் மேல் விழும். போர்டில் அந்த வசதி இருக்கிறதா, எந்தெந்த ஃபார்மட்டை டீகோட் செய்கிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் 5.1 என்று அச்சடித்திருப்பதை நம்ப முடியாது.

மதுரைசால்டரிங்:
பேஸ் விஷயம் சரிதான். நான் கட்டும் செட்டில் பேஸைப் பிரிக்கும் கிராஸ்ஓவரைத் தனியாகப் போட்டுவிடுவேன், அதனால் நினைவுக்கு வரவில்லை. அப்படியானால் டிடிஎஸ் படத்துக்கு மட்டும் டீகோடர், மற்றதெல்லாம் ஆப்டிகல் என்று வைத்துக்கொள்ளலாம்.

உறையூர்லதா:
தம்பி, அம்மாவுக்காக என்றால் நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாமியாருக்கு வசனம் புரியவில்லை என்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது. டிவியின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு காதைப் பிளக்கும், குறைத்தால் பேச்சு கேட்காது. 5.1இல் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். ரிசீவர் மெனுவில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். அப்புறம் டால்பி வரும்போது ‘நைட் மோட்’ போடலாம், வெடிச் சத்தம் அடங்கி பேச்சு மேலே வரும். டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் இந்த வசதிக்கு எங்கே போவது?

உதடு முன்னால் போய் பேச்சு பின்னால் வந்தாலோ, அல்லது பேச்சு முந்தினாலோ, ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ இருக்கிறதா பாருங்கள். பேச்சு முந்தினால் அதிலேயே சரியாகிவிடும். பிந்தினால் டிவி பக்கம்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒரேவயர்:
லதா அக்கா சொல்வது நல்ல பாயின்ட். ஆனால் சென்டரைத் தனியாக ஏற்றும் வசதி இப்போது பல சவுண்ட்பார்களிலும் இருக்கிறது.

கோவைசெவி:
இருக்கிறது. பின் ஸ்பீக்கர்? பின்னால் பெட்டி இல்லாத சவுண்ட்பார் சுவரில் சத்தத்தைத் தட்டி உங்கள் பின்னால் கொண்டுவரப் பார்க்கும். அதற்கு இரண்டு பக்கமும் சுவர் வேண்டும். நம் வீட்டு ஹாலில் ஒரு பக்கம் அடுப்படி திறப்பு, இன்னொரு பக்கம் ஜன்னலும் திரைச்சீலையும். தட்டித் திரும்ப எதுவும் இல்லை. பவானிக்கரை வீட்டில் ஏற்கெனவே சோபாவுக்குப் பின்னால் இரண்டு பெட்டி தொங்குகிறது. அதை இறக்கிவிட்டு, பின்னால் சத்தம் வருவதுபோல் பாவனை செய்யும் ஒன்றுக்கு 28,000 கொடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரேவயர்:
பின் பெட்டியோடு வரும் சவுண்ட்பாரும் உண்டு, ஆனால் அந்த விலையில் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிறேன். என் ஹால் நான்கு பக்கமும் மூடியது. அதனால்தான் எனக்கு வேலை செய்கிறதோ என்னவோ.

பவானிக்கரை:
வேலை முடிந்தது! பாக்ஸின் பின்னால் சின்னக் கதவு மாதிரி ஒன்று இருந்தது, அதுதான் ஆப்டிகல் என்று இத்தனை நாள் தெரியாது. கேபிள் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதைக் கழற்றாமல் முதலில் செருகிப் பார்த்தேன், உள்ளே போகவே இல்லை. கழற்றியதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. மறு நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பாக்ஸ் மெனுவில் ஒலியை ஸ்டீரியோவிலிருந்து டால்பிக்கு மாற்றினேன். கிரிக்கெட் சேனல் போட்டதும் டால்பி எரிந்தது. கமெண்டரி நடுவில், கூட்டத்தின் இரைச்சல் சோபாவுக்குப் பின்னால். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்பா இருந்தா வால்யூமை இன்னும் ஏத்தியிருப்பார்” என்றார்கள்.

ரிமோட்டுக்கு ஒரே வேலைதான் மிச்சம்: பாக்ஸ் பார்க்க ஆப்டிகல் 1, டிவி ஆப் பார்க்க ஆப்டிகல் 2. இரண்டு பட்டனிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். பழைய படச் சேனல்களில் ஸ்டீரியோ மட்டும் வரும்போது புரோ லாஜிக் 2 போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, வசனம் நடுவில் நிற்கிறது.

ஒரேவயர்:
மகிழ்ச்சி, தம்பி. கேபிள் செலவோடு முடிந்தது என்றால் என் எதிர்ப்பும் முடிந்தது. ஆனால் இதை மட்டும் கேளுங்கள்: பவர் செக்‌ஷன் போய் ரிப்பேருக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை எச்டிஎம்ஐ உள்ள செகண்ட் ஹேண்ட் ரிசீவரில் போடுங்கள். இதே ஸ்பீக்கர்கள் அதற்கும் ஆகும்.

கோவைசெவி:
இதில் ஒரேவயரோடு முழுக்க உடன்படுகிறேன். ரிசீவரின் மேல் மூடியில் காற்றுத் துளைகள் இருக்கின்றன, அதன் மேல் பாக்ஸை வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். கெபாசிட்டரைக் கொல்வது சூடுதான்.

பவானிக்கரை:
சரி அண்ணா, பாக்ஸை இப்போதே கீழே இறக்குகிறேன். கடைசியாக ஒன்று. சப்வூஃபரின் வலையைக் கழற்றித் துடைத்தபோது, கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. ஸ்பீக்கரே போய்விட்டதா?

மதுரைசால்டரிங்:
ஸ்பீக்கர் போகவில்லை, வளையம்தான் போயிருக்கிறது. ஃபோம் பதினைந்து, இருபது வருடத்தில் இப்படித்தான் உதிரும். கோனை இரண்டு கையாலும் மெதுவாக, நேராக உள்ளே அழுத்துங்கள். உரசல் சத்தம் இல்லையென்றால் ‘காயில்’ (கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறது. வளையம் மாற்றும்வரை சப்வூஃபரை ஓட்டாதீர்கள், கோன் சாய்ந்தால் அந்தச் சுருள் உரசிவிடும். கோனின் விட்டத்தையும், வெளி வளையத்தின் விட்டத்தையும் ஸ்கேலில் அளந்து இங்கே போடுங்கள். சரியான அளவு வளையம் எது என்று சொல்கிறேன், உங்கள் ஊரிலேயே ஒட்டிக் கொடுப்பார்கள்.