மாலை ஐந்தரைக்கு எழுந்துவிடும் பையன்

பவர்டேபிள்காரர், திருப்பூர்:
16 தையல் மெஷின் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன்; பவர்டேபிள் என்பது இதைத்தான். எங்கள் ஊரில் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை ஓட்டினால் ஒன்றரை ஷிப்ட். நான் டெய்லராக இருந்தபோது ஒன்றரை தராத கம்பெனிப் பக்கமே போக மாட்டோம். சனிக்கிழமை சம்பளத்தில் அந்த அரை ஷிப்ட்தான் மிச்சம்.

என்னிடம் ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின், ஓட்டும் பையனுக்கு 22 வயது. வேலை அத்தனை சுத்தம். ஆனால் ஐந்தரை ஆனால் போதும், நூல் வெட்டும் கட்டரை டப்பாவில் போடுவான், காலடியில் கிடக்கும் வேஸ்ட்டை ஒதுக்குவான், செருப்பை மாட்டிவிடுவான். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், 400 பீஸ் பாக்கி. மறுநாள் காலையில் வண்டி வந்துவிடும். "தம்பி, இன்னைக்கு ஒரு நாள் இரு, ரெட்டைக் கூலி தர்றேன்" என்றேன். "இல்லண்ணா, ஏழு மணிக்கு வாலிபால் இருக்கு" என்றான்.

வாலிபால்! கோபத்தில் நானே மெஷினில் உட்கார்ந்தேன், கைமடிக்கு, அதாவது கூட இருந்து உதவ, என் மனைவி. முடிக்க இரவு பதினொன்று. தையல் குறை பார்க்கும் செக்கிங்கில் திரும்பி வந்த பீஸ் பெரும்பாலும் நான் தைத்ததுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டெலிவரி பையன், கோவை:
நான் அந்தத் தம்பி கட்சி. இரண்டு வருடம் செக்கிங்கில் நின்றேன், இப்போது சாப்பாடு டெலிவரி. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, பெட்ரோல் என் காசு. தெரிந்துதான் வந்தேன். எங்கப்பாவும் ஒன்றரை ஷிப்ட்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தூங்கியதுதான் எனக்கு ஞாபகம்.

இன்னொரு யூனிட்காரர்:
2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தில் திரும்பப் பெற்றார்களே? அப்போது எங்கள் பையன்கள் செய்தியைக் காட்டிச் சிரித்தார்கள்: "நாம பாக்கறதே பன்னண்டுதானே." சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. வடக்கிலிருந்து வந்தவர்களை வைத்து ஓட்டுகிறேன். அவர்களிலும் சின்ன வயசுக்காரர்கள் ஞாயிறு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பவர்டேபிள்காரர், திருப்பூர்:
நான் இப்போது தேதி ஒத்துக்கொள்ளும்போதே ஒரு ஷிப்ட் கணக்கில்தான் பேசுகிறேன். ஆர்டர் கொடுத்த இரண்டு பார்ட்டி கைவிட்டுப் போயிற்று. பையன் இருக்கிறான். போன வாரம் மேட்ச் பார்க்கக் கூப்பிட்டான். பேக்கிங் பாக்கி இருந்தது, போக முடியவில்லை.