வேடந்தாங்கல் பறவைகளுக்கு எது வாங்கலாம்: டி.எஸ்.எல்.ஆரா, சூப்பர்ஜூமா?

மதுராந்தகத்தான்:
வணக்கம். இதுவரை கைப்பேசியில் மட்டுமே படம் எடுத்துவந்த நான், இந்தப் பறவைப் பருவம் தொடங்குவதற்குள் ஒரு கேமரா வாங்க எண்ணியிருக்கிறேன். லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். வகையான நிக்கான் டி3500 கேமராவை 18-55, 70-300 மி.மீ. ஆகிய இரு லென்ஸ்களுடன் ஒருவர் விற்கிறார்; லென்ஸ் கழற்ற முடியாத, ஆனால் வெகுதூரம் எட்டும் நிக்கான் பி950 சூப்பர்ஜூமும் என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளே முதல் நோக்கம் என்றாலும், மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளையும் இதிலேயே எடுக்க வேண்டியிருக்கும். எதை வாங்குவது நல்லது?

ஏரிக்கரை:
வேடந்தாங்கலில் நாம் நிற்பது கரையில். கூடுகள் இருப்பதோ ஏரிக்குள் நிற்கும் மரங்களில். நெருங்கிப் போக வழியில்லாததால், லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டி3500-இல் 300 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 450 மி.மீ. அளவுக்கு எட்டும், அதே கணக்கில் பி950 2000 மி.மீ. வரை போகும். படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 2000 மி.மீ. காட்டும் அளவுக்கு வெட்டினால், 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஏறத்தாழ 1.2 மெகாபிக்சல்தான். கூட்டருகே அசையாமல் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரையை நல்ல வெளிச்சத்தில் எடுப்பதற்கு, ஐயமின்றி பி950-ஐயே சொல்வேன். அதையும் காலையிலேயே போய் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறி நீர்ப்பரப்பின் மேல் கானல் எழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் தொலைவுப் படம் நெளியத்தான் செய்யும்.

இருட்டறை:
ஏரிக்கரை நண்பர் சொன்னது வெளிச்சம் இருக்கும்வரை சரி. பி950-இல் ஒளியைப் படமாக்கும் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ.; டி3500-இல் அது சுமார் 366, அதாவது ஏறக்குறைய 13 மடங்கு. போதாக்குறைக்கு, பி950-இல் முழு ஜூமுக்குப் போனால் ஒளி நுழையும் துளை எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). மாலையில் கூழைக்கடாக்கள் கூட்டமாகத் திரும்பும்போது, சிறகசைவு உறைந்து நிற்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறனை) உயர்த்தினால், சிறிய சென்சாரில் இறகின் நுண்கோடுகள் அழிந்து மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். பறக்கும் பறவையைக் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துப் பின்தொடர்வதும், அதன்மேல் ஃபோகஸைப் பிடித்து வைப்பதும் டி.எஸ்.எல்.ஆரில் எளிது.

நாட்டிய மேடைக்கு எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. டி3500-உடன் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். லென்ஸ் வாங்கும்போது, தனக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் கொண்ட ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கேமராவில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய ஏ.எஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

நத்தைகுத்தி:
ஒரு அங்குல சென்சார் கொண்ட பானசோனிக் எஃப்.இசட்.1000-ஐயும் பாருங்கள். எட்டுவது 400 மி.மீ. வரைதான், ஆனால் அங்கேயும் துளை எஃப் 4 இருக்கும். 600 மி.மீ. வரை போகும் சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் பதிப்பு இன்னும் நல்லது, விலைதான் மலைக்க வைக்கும்.

மதுராந்தகத்தான்:
அனைவருக்கும் நன்றி. மகளின் நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன, பறவைகளோ சில மாதங்களுக்குத்தான் வருகின்றன என்பதால், மனம் டி3500 பக்கம் சாய்கிறது. பழைய கேமராவை வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

இருட்டறை:
70-300 லென்ஸின் மேல் வி.ஆர். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அதே லென்ஸ், கை நடுக்கத்தைக் குறைக்கும் அந்த வசதி இல்லாமலும் விற்கப்பட்டது. அதுவாக இருந்தால் 300 மி.மீ.யில் முக்காலியின்றித் தெளிவான படம் எடுப்பது கடினம், எனவே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், சென்சாரில் படிந்த தூசு கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.