கேரதீவில் ஒரு விடியற்காலை: காற்றுப்பையும் கொடுவாவும்

மச்சான் கனடாவிலிருந்து வருகிறான், சொக்லேற் கொண்டுவருவான் என்று பார்த்தால் மடித்த காற்றுப்பை ஒன்றோடு வந்து இறங்கினான். காற்றடித்தால் லாட வடிவில் ஒரு மிதவை. நடுவில் துணி இருக்கை, கால் இரண்டும் தண்ணீருக்குள். வாத்துக்கால் போல அகன்ற றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக உதைத்துப் போகவேண்டும். ஒன்ராறியோ ஏரிகளில் இதில் இருந்துதான் பாஸ் என்ற மீன் பிடிப்பானாம். மூன்று கிழமையில் அவன் திரும்பிவிட்டான். பையும், ஜிக் என்ற தூண்டில் சாமான் ஒரு டப்பாவும் என் விறாந்தையில் கிடந்தன.

பாஸுக்கு நாங்கள் எங்கே போக? ஆனால் எங்கள் கொடுவாவும் அதே குணம்தான். கல்லோரம், பாலத் தூண் நிழல் என்று ஒதுங்கி நின்று, ஓட்டத்தில் வரும் இறாலையும் திரளிக் குஞ்சையும் வாயைத் திறந்து உறிஞ்சிவிடும்.

பங்குனி மாதம், சோழகக் காற்று தொடங்க முன்னம், ஒரு ஞாயிறு விடிய ஐந்தரை மணிக்கு யாழ்ப்பாணக் களப்போரக் கேரதீவுக்குப் போனேன். முன்பு பாதை, அதாவது வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை, ஓடிய துறை இது. 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு வாகனங்கள் நிற்காமல் போய்விடுகின்றன. நான் பம்மால் காற்றடித்துக்கொண்டிருக்க, கல்லில் இருந்த ஒரு வயதானவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் தங்கூசி நூல், பக்கத்தில் மீன் போடும் பறி.

"உதென்ன தம்பி, பிள்ளையள் குளிக்கிற சாமானே?"

"இல்லை ஐயா, உதிலை இருந்து மீன் பிடிக்க."

"வத்து துவங்கினா மண்டைதீவிலதான் போய் நிப்பாய். கயிறு கட்டிப்போட்டு இறங்கு."

சிரிப்பு வந்தாலும் கட்டினேன். இருபது மீற்றர் நைலோன் கயிறு, ஒரு முனை கல்லில், மறு முனை மிதவையில். அன்று செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். எங்கள் களப்பில் வற்றும் பெருக்கும் பெரிய உயரம் இல்லைத்தான். ஆனால் அவ்வளவு தண்ணீரும் பாலத்தின் இடுக்கால் போகவேண்டும் என்றால் இழுவை எப்படி இருக்கும்!

மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து இறங்கினேன். மச்சான் சொன்ன முறை இதுதான்: ஜிக்கை அடிக்கு விடு, தடி நுனியை ஒரு சாண் உயர்த்து, நூல் தளராமல் திரும்ப விழவிடு, விழும்போதுதான் கடிக்கும். ஈயத் தலையில் றப்பர் நார் பாவாடை கட்டிய சாமான் அது. முதல் அரை மணித்தியாலம் கடித்ததெல்லாம் பேத்தை மீன். மேலே எடுத்துப் பார்த்தால் பாவாடையைக் கத்தரித்து அரைக்காற்சட்டை ஆக்கியிருக்கும். மூன்று ஜிக் அப்படிப் போயிற்று.

அடியில் தத்த விடுவதைக் கைவிட்டு, ஓட்டத்தோடு கல்லோரமாக மிதந்து போகவிட்டேன். டிக் என்று ஒரு தட்டு. பிறகு தண்ணீர் வெடித்தது. வாயைப் பிளந்து தலையை ஒரு உதறு உதற, நூல் லேசாகிவிட்டது. நுனியைத் தடவிப் பார்த்தேன், அரத்தால் தேய்த்தது போலப் பஞ்சாக இருந்தது. கொடுவாவின் வாய் அப்படி, செவுள் மூடியோ அதைவிட மோசம், கத்தி. 20 றாத்தல் தங்கூசி அதுக்குக் காணாது. 60 கட்டினேன்.

அடுத்தது பிடித்ததும் மிதவை தானாகத் திரும்பியது. ஊன்றிக்கொள்ள நிலம் இல்லை, மீன் போகிற பக்கம் நானும் போனேன். அதற்குள் வற்றும் தொடங்கியிருந்தது, கயிறு விறைத்து நின்றது. மீன் களைத்துப் பக்கத்தில் வந்தபோதுதான் அடுத்த பயம்: முதுகில் நிமிர்ந்து நிற்கும் முள்ளுகள், நான் இருப்பதோ காற்றுப்பையில்! தடியைக் கக்கத்தில் இடுக்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துக் கரைக்கு வந்து சேற்றில் ஏற்றினேன். மூன்று கிலோ இருக்கும். வெயில் பட்டபோது கண் சிவப்பாக மின்னியது. விரலில் ஒரு வெட்டு, இன்னும் தழும்பு இருக்கிறது.

கொடுவா ஆணாகத் தொடங்கி, பெருத்தபிறகு பெண்ணாக மாறும் மீன். அதனால் பெரியது பிடிபட்டால் விட்டுவிடுவேன் என்று மச்சானிடம் வீரம் பேசியிருக்கிறேன். அப்படி ஒன்று இன்னும் பிடிபடாததால் வாக்குத் தவறவில்லை.

ஐயா ஜிக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தும்புத்தடி மாதிரிக் கிடக்கு" என்றார். ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அவர் தங்கூசியில் ஈயக்குண்டு ஒன்று, அதில் சாவல் இறகு கட்டியிருந்தது. நான் பம்மை இன்னும் வெளியில் எடுக்கவில்லை. அவருடைய பறிக்குள் ஒரு வால் அடித்துக்கொண்டிருந்தது.