முதுகு நீரில் மரபணு சீக்வென்சிங்: சென்னையில் யாராவது செய்தீர்களா?

சித்தப்பாவுக்கு எச்ஐவி, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 60தான், ரொம்பக் குறைவு. மூன்று வாரமாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான ஆன்டிஜென் சோதனை, இரண்டும் நெகட்டிவ். (ஜீன்எக்ஸ்பர்ட்டை மட்டும் நம்பி டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாதாம்.)

இப்போது டாக்டர் மெட்டாஜீனோமிக் சீக்வென்சிங் பார்க்கலாம் என்கிறார். இன்ன கிருமி என்று குறிவைத்துத் தேடாமல், நீரில் உள்ள மரபணுத் துணுக்குகளையெல்லாம் படித்து, எது எந்தக் கிருமியுடையது என்று ஒப்பிடுவார்களாம். அதில் பெரும்பகுதி மனித மரபணுதான், கிருமியுடையது துளியூண்டு. அதனால் தப்பிப்போகவும் வாய்ப்புண்டு.

சென்னையில் எந்த லேபில் எடுக்கிறார்கள்? எவ்வளவு ஆகும், ரிசல்ட் வர எத்தனை நாள்? அப்புறம், ஏற்கெனவே எடுத்து வைத்த நீரே போதுமா, மறுபடி ஊசி போடணுமா? அவர் அதற்குத்தான் பயப்படுகிறார். வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியாது, தனிச்செய்தியில் சொன்னால் நல்லது.